சும்மா கிடந்த மோட்டாரும் சுகமாக இருந்த பீரோவும்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் பணி அனுபவங்களை எழுதித் தரச் சொல்லி அலுவலகத்தில் கேட்டார்கள். வெற்றிக் கதைகளாக இருந்தால் நல்லது என்று ஒரு குறிப்பையும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். வெற்றிக் கதைகள் நம் விளம்பரப் புத்தகத்தில் வண்ணப் படங்களோடு ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றில் பாதியை எழுதியவள் நான். எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது எனக்குத் தெரியும். உங்களுக்கு உபயோகப்படப்போவது நான் சொதப்பிய கதைகள்தான். அதற்குப் பஞ்சமில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

கணக்கு, மாடல், அல்காரிதம் என்று என்னிடம் எதுவும் எதிர்பார்க்காதீர்கள். அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நேர்முகத் தேர்வில் என் எதிரே உட்கார்ந்து அதை மூச்சுவிடாமல் சொன்னவர்கள்தானே நீங்கள். எனக்குத் தெரிந்தது மோட்டாரும் மனிதர்களும். முப்பது வருடம் ஆலைகளில் பராமரிப்பு வேலை பார்த்துவிட்டு, கடைசி எட்டு வருடம்தான் இந்த சென்சார் வேலைக்கு வந்தேன். வந்த புதிதில் எனக்கிருந்த திமிருக்கு அளவே இல்லை. உள்ளங்கை அளவு பெட்டி, அடியில் ஒரு காந்தம். மோட்டாரின் முதுகில் ஒட்டவைத்தால் அதிர்வையும் சூட்டையும் அளந்து ஒயர் இல்லாமலே அனுப்பும். கோவையில் இருக்கும் நம் கணினி அதைப் படித்து, இந்த மோட்டார் இன்னும் இத்தனை நாளில் படுத்துவிடும் என்று முன்கூட்டியே சொல்லும். இது கையில் இருக்கும்போது எனக்கு யார் தயவு வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் திமிரை இறக்கியது ஜெகதாப்பட்டினத்தில் இருக்கும் ஒரு ஐஸ் கம்பெனி.

ஐஸ் கம்பெனியின் முதலாளி ஒரு பெண். கணவர் இறந்தபிறகு பத்து வருடமாக அவரேதான் நடத்துகிறார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். ஊரே அவரை முதலாளியம்மா என்றது, நான் அக்கா என்றேன். மிஷினைப் பார்த்துக்கொண்டவர் முருகானந்தம். கட்டுமாவடிக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். குவைத்தில் குளிர்பதனக் கிடங்கில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு வந்தவர். அங்கே கற்றுக்கொண்ட வேலைச் சுத்தமும், அங்கே கற்றுக்கொண்ட ஒரு பழக்கமும் அவரிடம் இருந்தன. எதிரில் இருப்பவர் படித்தவராகத் தெரிந்தால் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்வார். கேட்காததைச் சொல்லமாட்டார். அங்கே சூப்பர்வைசர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட அனுபவம் அப்படி.

நம் பெட்டிகளை எப்போது வந்து மாட்டலாம் என்று அக்காவிடம் கேட்டேன். "தடக்காலத்துல வாங்க. அப்பதான் மிஷினு சும்மா கெடக்கும். ஒங்களுக்கும் எடஞ்சல் இல்ல, எங்களுக்கும் எடஞ்சல் இல்ல" என்றார். நியாயமாகத்தான் பட்டது. மீன்பிடித் தடைக்காலம் இரண்டு மாதம். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும். நாட்டுப்படகுகளுக்கு வேண்டிய கொஞ்ச ஐஸுக்காக மட்டும் கம்பெனி பேருக்கு ஓடும். ஆள் இல்லை, அவசரம் இல்லை, கத்தல் இல்லை. நான் அறந்தாங்கியிலிருந்து காலை பஸ்ஸில் போய், இரண்டு கம்ப்ரசர் மோட்டார்களிலும் உப்புநீர்த் தொட்டியைக் கலக்கும் மோட்டாரிலும் பெட்டிகளை ஒட்டிவிட்டு, நல்ல மீன் குழம்போடு சாப்பிட்டுவிட்டு மத்தியான பஸ்ஸில் திரும்பினேன். இவ்வளவு சுகமாக ஒரு வேலை அமைந்தால் அதில் ஏதோ தப்பிருக்கிறது என்று இன்றைக்கு என்றால் உடனே சந்தேகப்படுவேன்.

ஆறு வாரம் தரவு வந்து குவிந்தது. கோவையில் மாடலைச் செய்தவர் கீர்த்தனா. கெட்டிக்காரப் பெண், வேகமாகப் பேசுவார். இவ்வளவு அமைதியான, சீரான தரவை இதுவரை பார்த்ததே இல்லை என்று போனில் பூரித்துப்போனார். நானும் பூரித்தேன். ஆரோக்கியமான மிஷின் என்றால் இதுதான் என்று அந்த ஆறு வாரத்தைக் காட்டி மாடலுக்குச் சொல்லிக்கொடுத்தோம். அது பத்திரமாகக் கற்றுக்கொண்டது. நாம் சொல்லிக்கொடுப்பதைக் கற்றுக்கொள்வதில் அது ஒருநாளும் குறை வைத்ததில்லை.

தடை முடிவதற்குப் பத்து நாள் முன்பு கம்பெனி விழித்துக்கொண்டது. முப்பதுக்கு மேற்பட்ட விசைப்படகுகள் அந்த அம்மாவிடம்தான் ஐஸ் எடுக்கும். இரண்டு மாதம் கழித்து முதல் தடவை கடலுக்குப் போகிற நாளில்தான் மீன்பாடு நன்றாக இருக்கும், அன்றைக்குப் படகு கரையில் நிற்கக்கூடாது. அதனால் பத்து நாளைக்கு முன்பே எல்லாக் கேன்களிலும் தண்ணீர் ஊற்றி, இரண்டு கம்ப்ரசர்களையும் முழு வேகத்தில் விட்டு ஐஸ் பார்களாக அடுக்கத் தொடங்குவார்கள்.

விட்டார்கள். நம் மாடல் அலறியது. எல்லாப் பெட்டிகளும் ஒரே நேரத்தில் சிவப்பு. அதிலும் ஒன்றாம் நம்பர் மோட்டாருக்கு, பேரிங் போய்விட்டது, மூன்று நாளுக்குள் நின்றுவிடும் என்று தீர்ப்பே எழுதிவிட்டது.

எச்சரிக்கை முதலாளியின் போனுக்கே நேராகப் போகவேண்டும், அதுவும் சைரன் சத்தத்தோடு போகவேண்டும் என்பது என் யோசனை. முதலாளிக்கு நம் அருமை தெரியவேண்டும் அல்லவா. அந்த நேரம் அக்கா அறந்தாங்கியில் ஒரு காதுகுத்து வீட்டில் மாமன் முறைக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஆசாரி சரியாக ஊசியைக் காதுக்குக் கொண்டுபோகும்போது அவர் பையில் இருந்த போன் தீயணைப்பு வண்டி மாதிரி கத்தியிருக்கிறது. ஆசாரி கையை உதறிவிட்டார். குழந்தை மடியிலிருந்து இறங்கி ஓடிப்போய் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டது. அதை வெளியே எடுக்க அரை மணி நேரம் ஆனதாம். இதை அக்காவே பிறகு சொன்னார், சிரிக்காமல்.

நான் டாக்ஸி பிடித்து ஜெகதாப்பட்டினம் போனேன். ஒன்றாம் நம்பரை நிறுத்தச் சொன்னேன். முருகானந்தம் மோட்டாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு பேசாமல் நிறுத்திவிட்டார். பெல்ட்டைக் கழற்றி, மோட்டாரின் அடி போல்ட்டுகளைத் தளர்த்தி நகர்த்தி, மூடியைத் திறந்து பேரிங்கை உருவினோம். கண்ணாடி மாதிரி இருந்தது. இன்னும் மூன்று வருடம் ஓடும். உருவியது உருவியதுதான் என்று புதிதையே போட்டு, பெல்ட்டையும் புதிதாக மாட்டி மூடினோம். பாதி நாள் ஐஸ் போயிற்று.

அதற்குள் அக்கா காதுகுத்து வீட்டிலிருந்து பட்டுப்புடவையோடு வந்து இறங்கிவிட்டார். நடந்ததைச் சொன்னேன். மோட்டாரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஏம்மா, சும்மா கெடந்தப்ப நல்லாருக்குன்னுச்சு. வேல செய்ய ஆரம்பிச்சதும் சீக்குங்குது. எங்க வீட்டு மாப்பிள்ளைய மாதிரில்ல இருக்கு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தூங்குகிற மிஷினைக் காட்டி இதுதான் ஆரோக்கியம் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அது எழுந்து நடந்ததும் மாடல் பயந்துவிட்டது. அதன்மேல் தப்பே இல்லை. தடைக்காலத்தில் மிஷின் கால்வாசி சுமையில்தான் ஓடியது என்பதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று முருகானந்தத்திடம் எரிந்து விழுந்தேன். அவர் துடைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்துவிட்டு அமைதியாகச் சொன்னார்.

"நீங்க கேக்கலையே மேடம். பெரிய படிப்பு படிச்சவங்க, ஏதோ காரணமாத்தான் இருக்கும்னு இருந்துட்டேன்."

ஜெகதாப்பட்டினத்தில் டீக்கடைக்காரரைக் கேட்டிருந்தாலும் தடைக்காலத்தில் ஐஸ் கம்பெனி தூங்கும் என்று சொல்லியிருப்பார். பிறந்ததிலிருந்து இதே மாவட்டத்தில் இருக்கிற எனக்கு அது தெரியாதா என்ன. தெரியும். மீன் விலை ஏறும் என்ற அளவில் தெரியும். அந்தத் தெரிந்த விஷயத்தை சென்சார் வேலையோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். நீங்கள் எந்த ஆலைக்குப் போனாலும் பெட்டியை வெளியே எடுப்பதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: உங்களுக்கு மோசமான நாள் எது, அன்றைக்கு நான் வரலாமா.

முழுச் சுமையில் மறுபடி கற்றுக்கொடுக்க ஒரு வாரத் தரவாவது வேண்டும் என்றார் கீர்த்தனா. அதுவரைக்கும் சத்தம் போடாமல் இருக்க எச்சரிக்கை வரம்பைக் கொஞ்சம் ஏற்றிவைத்தோம். மற்ற இரண்டும் அடங்கின, ஒன்றாம் நம்பர் மட்டும் அப்படியும் கத்தியது. இன்னும் ஏற்றினோம். அழுகிற குழந்தையை என்னவென்று பார்க்காமல் அறைக் கதவைச் சாத்திவிட்டு வருகிற வேலை அது. தெரிந்தேதான் செய்தேன்.

இரண்டு மூன்று நாளில் ஒன்றாம் நம்பர் அடங்கிவிட்டது. அடங்கியது மட்டுமல்ல, அபாரமாக இருந்தது. அதிர்வே இல்லை. சூடே இல்லை. சிகிச்சை பலித்துவிட்டது என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

தடை முடிவதற்கு முந்தின நாள் காலை. மறுநாள் விடிவதற்குள் படகெல்லாம் ஐஸை ஏற்றிக்கொண்டு கிளம்பவேண்டும். அன்றைக்கு நான் கூட இருந்தால் நல்லது என்று அக்கா சொல்லியிருந்ததால் முதல் பஸ்ஸிலேயே போய்விட்டேன். வாசலில் மினி லாரிகள் வரிசையாக நின்றன. படகுக்காரர்கள் லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு, தங்கள் முறை எப்போது என்று அக்காவைச் சுற்றி நின்றார்கள். ஐஸ் அரைக்கும் மிஷினின் சத்தத்தில் பேசுவது கேட்கவில்லை. அந்த நேரத்தில் கீர்த்தனா போன் செய்தார்.

ஒன்றாம் நம்பர் மோட்டார் நாலு நாளாகப் பிரமாதமாக இருக்கிறது, ஆனால் ஒரு விசித்திரம் என்றார். தினமும் காலை ஒன்பது மணிக்கு ஒன்று, மத்தியானம் ஒரு மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஆறு மணிக்கு ஒன்று என்று சரியாக மூன்று அடி விழுகிறது. மற்ற நேரமெல்லாம் மயான அமைதி. அந்த நேரங்களில் சுமையை ஏதாவது மாற்றுகிறார்களா, இப்படி ஒரு வடிவத்தை எந்தக் கட்டுரையிலும் பார்த்ததில்லை, எழுதினால் நன்றாக இருக்கும் என்றார்.

போனைக் காதில் வைத்துக்கொண்டே மோட்டாரிடம் போனேன். மோட்டார் இருந்தது. அதன் முதுகில் பெட்டி இல்லை.

பெட்டி ஆபீஸ் அறையில் இருந்தது. இரும்பு பீரோவின் பக்கவாட்டில், முருகன் காலண்டருக்குக் கீழே, கச்சிதமாக ஒட்டிக்கொண்டிருந்தது. காலை ஒன்பது மணிக்கு வருகைப் பதிவேட்டை எடுக்க பீரோவைத் திறப்பார்கள். மத்தியானம் சாப்பாட்டுக் கூடையை எடுக்கத் திறப்பார்கள். சாயங்காலம் பதிவேட்டை வைக்கத் திறப்பார்கள். கதவு இறுக்கமாக இருந்ததால் ஒவ்வொரு தடவையும் ஒரு குத்து விடவேண்டும். நாலு நாளாக நாங்கள் இரண்டு இஞ்சினியர்கள், கோவையிலும் அறந்தாங்கியிலும் உட்கார்ந்து, ஒரு பீரோவின் உடல்நிலையைப் பார்த்து மகிழ்ந்திருக்கிறோம். பீரோவுக்கு ஒரு குறையும் இல்லை. நூறு வருடம் இருக்கும்.

எனக்கு வந்த கோபத்தில் முருகானந்தத்தின் பெயரைக் கத்தினேன். அவர் ஓடிவந்து பார்த்துவிட்டு, மறைக்கவெல்லாம் இல்லை, நேராகவே சொல்லிவிட்டார்.

"அது கத்துனா மொதலாளியம்மா எனக்குப் போன் போடுறாங்க மேடம். போன எடுத்துப் பதில் சொல்லிட்டுத் திரும்புறதுக்குள்ள அடுத்தது கத்துது. நான் மிஷினப் பாக்குறதா, போனப் பாக்குறதா? தூக்கிப் போட மனசு வரல. வெல ஒசந்த சாமான். அதான் பத்தரமா அங்கிட்டு ஒட்டிவச்சேன்."

ஒயர் இருந்திருந்தால் பிடுங்கிய உடனே எங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒயர் இல்லை என்பதைத்தானே நாம் பெருமையாகச் சொல்லி விற்கிறோம்.

திட்ட நேரமில்லை. பெட்டியைக் கொண்டுபோய் மோட்டாரில் ஒட்டினேன். அடுத்த நிமிடம் சிவப்பு. முன்பு பார்த்ததைவிட ஆழமான சிவப்பு. ஆனால் அதற்கு என்ன அர்த்தம்? முழுச் சுமையில் ஓடும் எந்த மோட்டாரைப் பார்த்தாலும் பயப்படுகிற மாடல் அது. பயப்படக் காரணம் இருக்கிறதா, வழக்கமான பயமா என்று எனக்குத் தெரியவில்லை. கீர்த்தனாவுக்கும் தெரியவில்லை. சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருப்பதை முருகானந்தம் கவனித்திருந்தார், புது பெல்ட் மாட்டினோமே, அது பழகும்வரை முனகும் என்று விட்டிருந்தார். அதுவும் சாத்தியம்தான். உண்மையிலேயே கோளாறு என்றால் ராத்திரிக்குள் மோட்டார் நிற்கும், பக்கத்தில் ஆட்கள் வேறு நடமாடுகிறார்கள். கோளாறு இல்லை என்றால், இன்றைக்குப் பார்த்து மறுபடி நிறுத்தித் திறந்து, மறுபடி ஒன்றுமில்லை என்று கையை விரிப்பேன். ஐஸ் இல்லாத படகு வேறு கம்பெனிக்குப் போகும். அப்படிப் போனவை திரும்ப வருவதில்லை. அக்காவின் அந்த வருடப் பிழைப்பே அந்த ஒரு நாளில்தான் இருந்தது.

கணினித் திரையையே வெறித்துக்கொண்டிருந்தபோது ஒன்று தோன்றியது. இந்த மாடலுக்கு முழுச் சுமையைப் பற்றி ஒன்றும் தெரியாது. சரி. ஆனால் சோம்பேறி மோட்டாரைப் பற்றி அதைவிடத் தெரிந்தவர் இந்த உலகத்தில் கிடையாது. ஆறு வாரம் அதைத்தானே படித்தது. அப்படியானால் அதற்குத் தெரிந்த பாடத்தில் கேள்வி கேட்டால் என்ன? அரை மணி நேரம் கம்ப்ரசரின் முக்கால்வாசி சிலிண்டர்களை வேலையிலிருந்து விடுவித்து, தடைக்காலத்தில் ஓட்டிய மாதிரியே ஓட்டச் சொன்னேன். வரம்பைப் பழைய இடத்துக்கே இறக்கும்படி கீர்த்தனாவிடம் சொன்னேன். அக்கா அந்த அரை மணி நேரத்தை மனசில்லாமல்தான் கொடுத்தார். கடிகாரத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

முதலில் இரண்டாம் நம்பரை அப்படி ஓட்டினோம். பச்சை. பிறகு ஒன்றாம் நம்பர். சிவப்பு, அசையாத சிவப்பு. இந்தத் தடவை சுமையைக் காரணம் சொல்ல வழியில்லை. ஒன்றாம் நம்பருக்கு உண்மையாகவே ஏதோ ஆகியிருந்தது.

பேரிங்தான், தொண்ணூறுக்கு மேல் நிச்சயம் என்றது மாடல். பேரிங்காக இருக்கமுடியாது. பத்து நாளைக்கு முன் என் கண்முன்னால் புதிதாகப் போட்ட பேரிங். நோய் இருப்பது உண்மை, நோயின் பெயர் பொய். அதற்குத் தெரிந்த பெயர்கள் நாலைந்துதான், அதில் ஒன்றைச் சொல்லிவிட்டது. அது பெயர் சொல்லிவிட்டதாலேயே நாம் யோசிப்பதை நிறுத்திவிடுவோம் என்பதுதான் அதிலுள்ள ஆபத்து. நான் என்னையே கேட்டுக்கொண்டேன்: இந்த மோட்டாருக்கு இந்தப் பத்து நாளில் புதிதாக என்ன நடந்தது? ஒன்றே ஒன்றுதான் நடந்தது. நாங்கள் வந்தோம்.

வாசலுக்குப் போய் அக்காவைத் தனியே அழைத்து, நிறுத்தவேண்டும் என்றேன். படகுக்காரர்கள் எங்களையே பார்த்தார்கள்.

"இந்தத் தடவையும் ஒண்ணும் இல்லன்னா?" என்று கேட்டார்.

"பெட்டி எல்லாத்தையும் கழட்டி எடுத்துக்கிட்டு நான் பஸ் ஏறிர்றேன்க்கா."

"எந்த பஸ்ஸுன்னு சொல்லிட்டு ஏறுங்க. அந்த பஸ்ஸுல நான் ஏறாம இருந்துக்கிறேன்."

அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

நிறுத்தி, பெல்ட்டை மூடியிருந்த கம்பி வலைக் கூண்டைக் கழற்றினோம். மோட்டாரைத் தரையோடு பிடித்திருக்கும் நாலு அடி போல்ட்டுகளில் இரண்டை முருகானந்தம் வெறும் விரலாலேயே சுற்றினார். அவை சுற்றின. அந்தக் கனத்த மோட்டார் ஓட்டத்தில் ஒரு விரற்கடை நகர்ந்திருந்தது. பெல்ட் கோணலாகி ஓரம் நார் நாராகப் பிய்ந்திருந்தது. இன்னும் சில மணி நேரம் ஓடியிருந்தால் பெல்ட் அறுந்து அடித்திருக்கும், அந்தப் பக்கம் ஐஸ் பார் இழுக்கிறவர்கள் போய்வருகிற வழி. முருகானந்தம் குந்தியிருந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. முகம் செத்துப்போயிருந்தது.

"நாந்தான் மேடம். ரெண்டத்தான் முறுக்கியிருக்கேன்."

அவர் சொன்னபோதே எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. அன்றைக்குப் புதுப் பேரிங்கைப் போட்டு, மோட்டாரை இழுத்துவைத்து, ஸ்பானரோடு அவர் உட்கார்ந்தபோது கீர்த்தனா வீடியோ அழைப்பில் வந்தார். கழற்றிய பேரிங்கைப் பார்க்கவேண்டும் என்றார். நான் முருகானந்தத்தைக் கூப்பிட்டேன். வேலை நடுவில் இருக்கிறேன் மேடம் என்றார். ஒரு நிமிஷம்தான், வாங்க என்றேன். அவர் கால் மணி நேரம் வெளிச்சத்தில் நின்று அந்தப் பேரிங்கை நகைக்கடையில் வளையல் காட்டுவதுபோலத் திருப்பித் திருப்பிக் காட்டினார். அதற்குள் ஐஸ் பார் தூக்குகிறவர் ஒருவர், உதவி செய்வதாக நினைத்து, கூண்டை மாட்டிவிட்டார். அக்கா வேறு மிஷினைப் போடுங்க என்று வாசலிலிருந்து சத்தம் போட்டார். முருகானந்தம் திரும்பி வந்து, மூடியிருக்கிற கூண்டைப் பார்த்து, எல்லாம் முறுக்கி முடிந்தது என்று நினைத்துச் சுவிட்சைப் போட்டார்.

நன்றாக இருந்த மோட்டாரை நான் திறக்கவைத்தேன். திறந்ததை ஒழுங்காக மூடவிடாமல் செய்தேன். ஒரு பொய் எச்சரிக்கையால் யாருக்கு என்ன நஷ்டம், பார்த்துவிட்டு மூடிவிடலாமே என்று இனி யாராவது உங்களிடம் சொன்னால் இந்த இரண்டு போல்ட்டுகளை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

மோட்டாரை நேராக்கி, நாலு போல்ட்டையும் முறுக்கி, வேறு பெல்ட் மாட்ட ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நான் போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு, ஸ்பானர் ஒவ்வொரு போல்ட்டிலும் கடைசிவரை திரும்புவதை வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். சோம்பேறிச் சுமையில் ஓட்டினோம், பச்சை. முழுச் சுமைக்குப் போனோம். அரைக்கும் மிஷின் மறுபடி கத்தத் தொடங்கியது. முதல் மினி லாரி ஐஸோடு ஜெட்டிக்குக் கிளம்பியபோது வாசலில் நின்றவர்கள் முகத்தில் உயிர் வந்தது.

அக்கா படகுக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: கோயமுத்தூரில் இருக்கிற கம்ப்யூட்டர், போல்ட் கழன்றதை இங்கே இருக்கிற நமக்கு முன்னால் கண்டுபிடித்துவிட்டதாம். அவர்கள் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். ஒருவர் டீ வாங்கிக்கொண்டுவந்து கையில் கொடுத்தார். போனைத் திறந்தால் நம் மேலாளரிடமிருந்து செய்தி: அருமை, முதலாளியம்மாவோடு நின்று ஒரு படம் எடுத்து அனுப்பவும். முருகானந்தம் தூரத்தில் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டு நின்றார். அதை ஏற்கெனவே மூன்று தடவை துடைத்திருந்தார். போல்ட் எப்படிக் கழன்றது என்று அக்கா கேட்கப்போகிறார், கேட்டால் வேலை போய்விடும் என்று அவருக்குத் தெரியும். மறுபடி குவைத்துக்குப் போவதில்லை என்று பெண்டாட்டிக்குச் சத்தியம் செய்துவிட்டு வந்து உட்கார்ந்தவர் அவர்.

நான் உடனே வாயைத் திறந்தேன் என்று சொல்ல ஆசைதான். திறக்கவில்லை. அந்த டீயை முழுசாகக் குடித்து முடிக்கும்வரை சும்மா நின்றேன். அது நல்ல டீ. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பிறகு டம்ளரை வைத்துவிட்டு அக்காவிடம் போய் நடந்ததை நடந்தபடி சொன்னேன். வீடியோ அழைப்பு உட்பட, ஒரு நிமிஷம்தான் வாங்க என்றது உட்பட, மேலாளர் படம் கேட்டது உட்பட. பீரோவை மட்டும் சொல்லவில்லை. அது எனக்கும் முருகானந்தத்துக்கும் இடையில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அக்கா குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்ப, நல்லா இருந்தத நீங்க தொறந்தீங்க. தொறந்ததால சீக்கு வந்துச்சு. அந்தச் சீக்க நீங்களே கண்டுபிடிச்சிருக்கீங்க."

"ஆமாக்கா."

"இதுக்குத்தான் போட்டோ எடுக்கணும்னு நின்னீங்களாக்கும்."

அக்கா முருகானந்தத்தின் பக்கம் திரும்பினார். அவர் தலை குனிந்திருந்தார்.

"ஏப்பா, இனிமே ஸ்பானரு ஒங் கையில இருக்கையில யாரு கூப்புட்டாலும் வராத. நான் கூப்புட்டாலும் வராத" என்று சொல்லிவிட்டு, அடுத்த லாரிக்கு ஐஸ் எண்ணப் போய்விட்டார். முருகானந்தம் மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணைத் துடைத்த மாதிரிதான் இருந்தது, மிஷினில் ஓடும் அம்மோனியாவின் நெடி என்றார். அன்றைக்கு எந்த நெடியும் இல்லை.

அன்று சாயங்காலம் கீர்த்தனா கேட்டார்: இந்தச் சம்பவத்தைத் தரவில் எந்தக் காரணத்தின் கீழ் பதிவது? பட்டியலில் பேரிங், பெல்ட், மின்கோளாறு, தேய்மானம், ஆபரேட்டர் தவறு என்று ஐந்து இருந்தன. ஆபரேட்டர் தவறு என்று போடலாமா என்றார். போடக்கூடாது என்றேன். வேறு எது என்றார். நான் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, ஆறாவதாக ஒன்றைச் சேர்த்தார்.

உங்கள் திரையில் பழுதுக்கான காரணப் பட்டியலைத் திறந்தால் கடைசியில் 'நாம்' என்று ஒரு வரி இருக்கும். எழுத்துப்பிழை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். நான் ஓய்வு பெற்ற நாளில் பார்த்தேன், அது பதினோரு தடவை பதிவாகியிருந்தது. பதினொன்றிலும் என் பெயர்தான் இருக்கிறது. எட்டு வருடத்தில் இந்தக் கம்பெனியில் தவறு செய்தவள் நான் ஒருத்திதான் என்பதை என்னால் நம்பமுடியவில்லை.